மெலியும் உடலும் பச்சைக் கோலமும்

'உடம்பு இளைக்கட்டும், அதன்பிறகு பச்சை குத்திக்கொள்' என்பது இன்றைய இளையவர்களுக்குத் தவறாமல் வழங்கப்படும் அறிவுரை. டாட்டூ கடைக்காரர் சொல்கிறார், உடற்பயிற்சிக்கூடத்துப் பயிற்றுநர் சொல்கிறார், ஏற்கெனவே குத்திக்கொண்ட தோழி சொல்கிறாள். காரணமும் எளியதுதான். பருத்த உடலில் வரைந்த படம் உடல் மெலிந்ததும் சுருங்கிக் கோணலாகிவிடும். பட்ட வலியும் கொடுத்த பணமும் வீணாகும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் இதில் பாதிதான் உண்மை என்பதும், மீதிப் பாதிக்குள் நம் காலத்தின் நோய் ஒன்று பதுங்கியிருக்கிறது என்பதும் என் எண்ணம்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மேல்தோல் ஏறத்தாழ மாதம் ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. பச்சை குத்தும் ஊசி அதையும் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் உள்தோலில் மையை இறக்குகிறது. இறங்கிய மையை உடல் அயலானாகக் கருதி விழுங்கிவிடப் பார்க்கிறது. விழுங்க வந்த அணுக்களால் அதைச் செரிக்க இயலவில்லை; வயிற்றில் மையோடு அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை இறக்கும்போது சிந்தும் மையைப் புதிதாக வரும் விழுங்கணுக்கள் எடுத்துக்கொள்கின்றன என்று பிரான்சின் மர்செய் நகர ஆய்வாளர்கள் சுண்டெலிகளிடம் கண்டறிந்து 2018இல் வெளியிட்டார்கள். படித்தபோது எனக்கு ஓலைச்சுவடிகள்தாம் நினைவுக்கு வந்தன. ஓலை செல்லரிக்குமுன் அடுத்த ஓலைக்குப் படியெடுத்துப் படியெடுத்துத்தானே நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. அழியாத கோடு என்று நாம் நினைப்பது, தோலுக்குள் ஓயாமல் கைமாற்றிக் காக்கப்படும் கோடு. படியெடுப்பில் பிழை புகுவதுபோலக் காலப்போக்கில் கோட்டின் ஓரம் சற்றே கசிந்து தடிப்பதும் உண்டு.

இந்தத் தோலுக்கு அடியில் இருக்கிறது கொழுப்பு. அது கரையும்போது மேலே போர்த்திய தோல் உள்வாங்குகிறது. படமும் அதனுடன் சேர்ந்து உள்வாங்குகிறது. ஐந்து கிலோ, பத்துக் கிலோ குறைந்தால் பெரும்பாலான இடங்களில் வேறுபாடு கண்ணுக்கே புலப்படாது. மணிக்கட்டு, முன்கை, கணுக்கால், மேல்முதுகு ஆகியவை உடல் பருத்தாலும் மெலிந்தாலும் அதிகம் மாறாதவை. வயிறு, இடுப்பு, தொடை, மேற்கை ஆகிய இடங்களில்தான் சிக்கல். முப்பது, நாற்பது கிலோ என்று குறைந்தால் அங்கே தோல் தொய்ந்து மடியும். மயிலின் கழுத்து மடிப்புக்குள் போய்விடும். சொல்லப்போனால் எடை குறைவதைவிடக் கூடுவதுதான் படத்துக்குப் பெரும் பகை. பிள்ளை பெற்ற வயிற்றில் விழும் வரிகள் கோட்டை அறுத்துக்கொண்டு போகும். அறுந்த கோடு மெலிந்த பின்னும் ஒட்டாது. ஆக, இடத்தைப் பொறுத்து அந்த அறிவுரை சரி.

இனி மறுபாதிக்கு வருகிறேன். நம் பாட்டிமார் எந்த வயதில் பச்சை குத்திக்கொண்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். என் அம்மாச்சிக்குப் பத்து வயது நிரம்பவில்லையாம். இரண்டு முன்கைகளிலும் புள்ளியும் கோடுமாய்க் கோலம், ஒரு தேள், மோவாயில் ஒற்றைப் புள்ளி. அந்தக் கை அதன்பிறகு இரு மடங்காக வளர்ந்தது, நாற்று நட்டது, ஏழு பிள்ளைகளைத் தூக்கியது, நடுவயதில் வளையல் ஏறாதபடி பருத்தது, கடைசிக் காலத்தில் வற்றி விறகுக் குச்சியானது. கோலம் எல்லாவற்றுக்கும் உடன்போயிற்று. நான் பார்த்தபோது புள்ளிகள் நெருங்கிக் கோடுகள் தடித்திருந்தன. தேளின் கொடுக்கு மட்டும் எங்கேயோ திரும்பிப் போயிருந்தது. அது கோணலாகிவிட்டது என்று அவர் ஒருநாளும் குறைபட்டதில்லை. பொன்னகையைக் கழற்றிக்கொண்டுதான் அனுப்புவார்கள், பச்சை ஒன்றுதான் கூடவே வரும் என்று மட்டும் சொல்வார். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரும் சொன்னதுதான் இது.

அதே கையின் மேற்புறத்தில் அம்மை குத்திய தழும்பும் இருந்தது. அரசாங்கத்து ஊசி இட்ட குறி. குழந்தையாய் இருந்தபோது மிளகளவு இருந்திருக்கும். கை வளர வளர அதுவும் விரிந்து எட்டணாக் காசளவு ஆகிவிட்டது. பெரியம்மையை 'முத்து' என்றும், அதைத் தருபவளையும் தணிப்பவளையும் முத்துமாரி என்றும் அழைத்த ஊர்க்காரர்கள் நாங்கள். நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பங்குனித் திருவிழாவில் இன்றும் அலகு குத்திக்கொள்கிறார்கள். தோல் என்பது குறிகளை ஏற்பதற்காகவும் வாய்த்தது என்ற எண்ணம் இங்கே புதிதன்று. மாசுமருவற்ற தோல்தான் அழகு என்பது முகப்பூச்சு விளம்பரங்கள் சொல்லித் தந்த பாடம்.

பச்சை குத்தும் குறவர் பெண்கள் மை கூட்டிய விதத்தை எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. மஞ்சள்தூளையும் அகத்தியிலையையும் சேர்த்து அரைத்து, துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிக்க வேண்டும். மேலே கவிழ்த்த புதுப்பானையில் படியும் புகைக்கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கரி கறுப்பு, தோலுக்கு அடியில் போனதும் ஒளி சிதறுவதால் நீலமும் பச்சையுமாய்த் தெரிகிறது. 'பச்சை' என்ற பெயர் அப்படி வந்ததாகவே இருக்க வேண்டும். அவருடைய மற்றக் கருத்துகளோடு, குறிப்பாக மனிதர்களின் மூக்கை அளந்து தரம் பிரித்த வேலையோடு, எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சமையற்குறிப்புக்காக மட்டும் அவருக்கு நன்றி.

என்னைக் கவர்வது அந்தப் பெண்கள் தேர்ந்த உருவங்கள். புள்ளி, கோடு, புள்ளியைச் சுற்றி வரும் இழை. கோலத்துக்கு ஒரு குணம் உண்டு. அதை இழுத்தாலும் அது கோலம்தான், அமுக்கினாலும் கோலம்தான்; புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறினாலும் இழையின் உறவு மாறுவதில்லை. பத்து வயதுக் கையில் குத்துகிறவளுக்கு அந்தக் கை வளரப் போவது தெரியாதா? தெரிந்தேதான் வளர்ச்சியைத் தாங்கும் உருவமாகப் பார்த்துக் குத்தினாள் என்று நான் நம்புகிறேன். இன்றைய மோகம் வேறு. குழந்தையின் நிழற்படத்தை, நடிகரின் முகத்தை, கண்ணிமை உட்பட அப்படியே தோலில் பெயர்க்கிறார்கள். முகத்துக்கு இந்தத் தாங்குதிறன் கிடையாது. ஒரு கண் கால் அங்குலம் இறங்கினால் அது வேறொருவர் முகம். உடல் மாறுவது குற்றமாகத் தோன்றுவதற்கு உருவத் தேர்வும் ஒரு காரணம்.

கோடுகளின் ஆயுளுக்கு உலகச் சான்று ஒன்று உண்டு. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட 'ஏட்சி' என்னும் மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகளை எண்ணியிருக்கிறார்கள். எல்லாம் சிறு கோடுகளும் பெருக்கற்குறிகளும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று வலி வரும் இடங்களில் பல இருப்பதால் மருத்துவத்துக்காகக் குத்தியிருக்கலாம் என்பார்கள். உயிரோடு இருந்தபோது அவன் எடை 50 கிலோ அளவில் இருந்திருக்கும் என்பது கணிப்பு; பனியில் உலர்ந்த உடலின் எடை 14 கிலோவுக்கும் குறைவு. இவனைவிட அதிகமாக இளைத்தவர் எவரும் இருக்க முடியாது. குறிகளை இன்றும் எண்ண முடிகிறது.

எடை இழப்பைப் பற்றி நம் இலக்கியம் பேசியதுபோல் வேறெந்த இலக்கியமும் பேசியிருக்குமா என்று எனக்கு ஐயம். தலைவன் பிரிந்தால் தலைவி மெலிகிறாள். தோள் வாடுகிறது, கைவளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உணவு குறைவதையும் உடல் சுருங்குவதையும் மெய்ப்பாடுகளாகவே எண்ணி வைக்கிறது. வள்ளுவர் உறுப்புநலன் அழிவதற்கென்றே 124ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். அங்கே மெலிவு ஒரு செய்தி. வளை நெகிழ்வதைக் கண்டு ஊரும் அன்னையும் உள்ளத்தைப் படித்துவிடுவார்கள். வளை வெளியே பூண்டது, உடலுக்கு அதனோடு ஒட்டுறவில்லை, ஆகவே காட்டிக்கொடுத்தது. தொய்யிலும் அக்காலத்து உடலெழுத்துதான். கண்ணகியின் தோளில் கோவலன் எழுதிய கரும்பையும் கொடியையும் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆனால் அது குழம்பால் எழுதியது, நீரில் கலைவது, மீண்டும் எழுதுவதற்கு ஆள் வேண்டியது. பச்சைக்கு இவை இரண்டின் இயல்பும் இல்லை. வளைபோல் கழன்று விழாது, தொய்யில்போல் கலையாது. மெலிந்தால் தானும் மெலியும். நான் அதைக் குறை என்று கருதவில்லை. அணிகளில் உடலின் பக்கம் நிற்கும் அணி அது ஒன்றுதான்.

ஆண்டுதோறும் மாணவர்களைக் கல்வெட்டுப் படிக்க நார்த்தாமலைக்கு அழைத்துப்போவது என் வழக்கம். மேலமலையின் பாறைச் சரிவில் ஏறினால் விசயாலய சோழீச்சுரம். பெயர் சோழனுடையது என்றாலும் கட்டியவர் முத்தரையர் என்பதை வாயில்காப்போன் சிலைக்குக் கீழே உள்ள கல்வெட்டு சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் எடுத்த கற்றளி மழையில் இடிந்ததையும், மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்ததையும் அது பதிவு செய்கிறது. கோயிலுக்கு எதிரே இரண்டு குடைவரைகள். அவற்றில் ஒன்றைச் 'சமணர் குடகு' என்கிறார்கள். உள்ளே சுவரில் வரிசையாக நிற்பவை 12 திருமால் உருவங்கள். உள்ளிருப்பது மாறியும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்றமுறை போயிருந்தபோது அந்த வாயிலருகே எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்.

"அம்மா, இன்னும் எட்டுக் கிலோ குறைச்சிட்டா நானும் கையில பச்சை குத்திக்கலாம்னு இருக்கேன். என்ன எழுதிக்கலாம், நீங்க ஒண்ணு சொல்லுங்களேன்."

"இப்பவே குத்திக்கிட்டா என்ன?"

"இந்தக் கையிலயாம்மா?" என்றாள்.

முன்கை மாறாது, எட்டுக் கிலோவில் ஒன்றும் ஆகாது என்றெல்லாம் நான் சொன்ன விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. படம் கோணலாகும் என்பது அவள் கவலையாக இருக்கவில்லை. அந்தக் கைக்கு அழகு செய்துகொள்ளும் தகுதி இன்னும் வரவில்லை என்பது அவள் எண்ணம். எட்டுக் கிலோ கழிந்த பிறகு வேறொரு பெண் வருவாள், பச்சையும் நல்ல சேலையும் நிழற்படமும் அவளுக்குரியவை. இப்போது இருப்பவள் அவளுக்காக இடம்பிடித்து வைத்திருக்கும் ஆள். மாணவியர் பலரிடம் இதை நான் காண்கிறேன். பிறந்தநாளுக்குத் துணி எடுக்காதவள், கல்லூரி ஆண்டுவிழாக் குழுப்படத்தில் ஓரமாக ஒதுங்குகிறவள், மதியச் சோற்றுப் பொட்டலத்தைத் தோழியிடம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறவள். பச்சையை இளைத்ததற்குப் பரிசாக வைக்கும்போது, பருத்திருந்த உடல் தண்டனைக்குரியதாகத் தானாகவே ஆகிவிடுகிறது. அறிவுரைக்குள் பதுங்கியிருக்கும் நோய் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

எடை குறைப்பதே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் பெண்கள் 31 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தார்கள். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் மாநிலம் இது. நடக்கட்டும், ஓடட்டும், சோற்றைக் குறைக்கட்டும். உடல்நலத்துக்காக இளைப்பதை அதற்காகவே செய்யட்டும். என் மறுப்பு, இளைப்பதையும் அணிவதையும் ஒரே கயிற்றில் கட்டுவதற்குத்தான். ஏனெனில் அந்தக் கயிற்றின் மறுமுனை எங்கும் நிற்பதில்லை. 'முடியட்டும்' என்கிறார்களே, உடல் எப்போது முடிகிறது? எட்டுக் கிலோ குறையும், திருமணத்துக்குப் பின் நான்கு கூடும், பிள்ளைப்பேறு வரும், ஐம்பது வயதில் மாதவிலக்கு நின்றதும் இன்னொரு கணக்கு தொடங்கும். எடை நிலைபெற்ற நாளுக்குக் காத்திருந்தால் என் அம்மாச்சி கடைசி மூச்சு வரை காத்திருந்திருப்பார்.

இப்போது வேகமும் கூடியிருக்கிறது. வாரத்துக்கு ஓர் ஊசி போட்டுப் பசியை அடக்கும் மருந்துகளில் மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவை தேவைப்படும் நோயாளிகள் உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்வார். தோலுக்கு மட்டும் இந்த வேகம் ஒத்துவருவதில்லை. மெதுவாக இளைத்தால் தோல் ஓரளவு உடன்வரும். சில மாதங்களில் பெருமளவு இளைத்தால் பின்தங்கித் தொங்கும். ஆகவே காத்திருப்பது சரியான இடங்களையும் சொல்லிவிட வேண்டும். வேகமாக இளைத்துக்கொண்டிருக்கும்போது வயிற்றிலும் மேற்கையிலும் தொடையிலும் குத்திக்கொள்ள வேண்டாம். பட்டினி கிடந்து இளைக்கிறவர் எங்குமே குத்திக்கொள்ள வேண்டாம். பச்சை என்பது ஆயிரக்கணக்கான நுண்புண்கள், புரதம் போதாத உடலில் புண் ஆறத் தாமதமாகும். கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தொங்கும் தோலை அறுவையால் நீக்கும் எண்ணம் இருந்தால், அறுவையோடு படமும் போய்விடும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். புது ஊசியும் தூய மையும் இல்லாத கடைக்கு எந்த எடையிலும் போகக்கூடாது. 2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடை ஒன்றில் நாக்கையே பிளந்துவிட்ட செயலுக்காகக் கைதுகள் நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். எங்கள் பகுதியில் படைக்கும் காவல்துறைக்கும் ஆளெடுப்பு என்றால் விடிகாலையில் ஓடத் தொடங்கிவிடுவார்கள். தொப்பை கரைந்ததும் அந்த மகிழ்ச்சியில் தோளிலோ மார்பிலோ பச்சை குத்திக்கொள்ளும் ஆசை வரும். இந்தியத் தரைப்படை முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சையை ஏற்கிறது. வழக்கமாகக் குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. ஓடி ஓடி இளைத்த பையன் மார்புப் பச்சையால் வாசலில் திருப்பி அனுப்பப்படுவதைவிடக் கொடுமை வேறில்லை. படை அனுமதிக்கும் அந்த முன்கையே அம்மாச்சிமார் தேர்ந்த இடமும் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அந்த மாணவிக்கு என்ன எழுதச் சொன்னேன் என்று கேட்பீர்கள். சித்தன்னவாசல் படுக்கையில் உள்ள தமிழி எழுத்துகளில் தன் பெயரைக் குத்திக்கொள்ள அவளுக்கு ஆசை வந்திருந்தது. நல்ல எழுத்து அது. நேர்கோடும் வளைவுமாகத் தோலின் போக்குக்கு ஈடுகொடுக்கும். முன்கையின் உட்புறம், எழுத்து ஒவ்வொன்றும் விரலகலம், இடையே தாராளமாக இடம் விட்டு என்று சொன்னேன். இனத்துக்கு ஆசைப்பட்டு ஒரு தொடரையும் சேர்த்துக்கொள்வதாயிருந்தால், குத்துவதற்குமுன் தாளில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. எடை கூடும், குறையும். ஒற்று மிகாத இடத்தில் மிகுந்துவிட்டால் அதைக் கரைக்க எந்த உடற்பயிற்சியும் கிடையாது.